அனைவரும் வரலாம்

தப்பு முழுக்க லூர்துசாமியுடையது என்று சொல்லிவிட முடியாது. நோட்டீஸில் அப்படித்தான் போட்டிருந்தது. செல்வி ஜான்சியின் முனைவர் பட்ட வைவா வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, சட்டத் துறை செமினார் ஹாலில் நடக்கும், அனைவரும் வரலாம் என்று யுனிவர்சிட்டியே சீல் வைத்து ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. மகள் அதைப் போனில் காட்டியபோது லூர்துசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். முப்பத்துநான்கு வருஷம் வெடிமருந்து ஃபேக்டரியில் எக்ஸாமினராக இருந்தவர். தோட்டாக் கூட்டின் வாயில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் எடுத்துத் தனியே வைத்துவிடுவார். அந்த வரியில் அவருக்கு ஒரு கீறலும் தெரியவில்லை.

யுனிவர்சிட்டிக்காரர்களுக்கு அந்த வரி வெறும் சம்பிரதாயம். விதியில் இருக்கிறது, போடுகிறார்கள். வருவது கைடு, வெளியூர்த் தேர்வாளர், தலைமை வகிக்க ஒரு ப்ரொஃபசர், பின்வரிசையில் போனை நோண்டிக்கொண்டிருக்கும் ஜூனியர் பிள்ளைகள் நாலு பேர், அவ்வளவுதான். இது ஜான்சிக்குத் தெரியும். ஆனால் அப்பாவுக்குச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலாவது சொல்லியிருப்பாள். அவர் எதற்குக் கேட்கப் போகிறார்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லூர்துசாமி சட்டைகூட மாற்றாமல் சந்தில் இறங்கினார். பூனாவின் இந்தப் பகுதிக்கு ரயில்வே போர்டில் கட்கி என்று எழுதியிருந்தாலும் நம் ஆட்கள் வாயில் அது இன்றைக்கும் கிர்க்கிதான். அந்தக் கிர்க்கியில், ஃபேக்டரி மதிலுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் தமிழ்க் குடும்பங்கள் பதினோரு வீடு. புதுநன்மை விருந்துக்கு அழைப்பதுபோல ஒவ்வொரு வாசலிலும் நின்று, பாப்பாவுக்கு வியாழக்கிழமை டாக்டர் பட்டம், குடும்பத்தோடு வந்துவிட வேண்டும், சாப்பாடு அங்கேயே என்று சொல்லிவிட்டு வந்தார். ஊசி போடும் டாக்டரா, அது இல்லாத டாக்டரா என்று ஒருவர் கேட்டதற்குக்கூட அவருக்குக் கோபம் வரவில்லை. அத்தனை சந்தோஷம்.

சந்தோஷத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஜான்சிக்கு முப்பத்தைந்து வயது. ஏழு வருஷம் இந்தப் படிப்புக்கே போயிற்று. பங்கில் வந்த வரன்களுக்கெல்லாம் பிஹெச்டி முடியட்டும் என்று பதில் சொல்லிச் சொல்லி, கடைசியில் வரன் சொல்கிறவர்களும் நின்றுவிட்டார்கள். லா காலேஜில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குப் பாடம் எடுக்கிறாள். அடுத்த மாதம் அங்கே நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ. பட்டம் இருந்தால்தான் உள்ளேயே விடுவார்கள். இரண்டு முறை கெடு நீட்டியாகிவிட்டது. இனி நீட்ட விதியில் இடமில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மாவு சலித்துக்கொண்டிருந்த ரெஜினா, மொத்தம் எத்தனை தலை என்று புருஷனைக் கேட்டாள். அவர் விரல் விட்டு வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டிருந்த ஜான்சி, சந்து முழுவதையும் கூப்பிட்டிருக்கிறார் என்பதைக் கேட்டு முதலில் சிரிக்கத்தான் செய்தாள். கடைசிப் பெயர் மும்தாஜ். அதைக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது.

"மும்தாஜக்காவ எதுக்குப்பா கூப்பிட்டீங்க?"

"இன்னாம்மா இப்டி கேக்கறே? நீ அவ வூட்ல மூணு தபா போய் உக்காந்து எழுதிக்கினு வந்தியே. அவளத்தான் மொதல்ல கூப்ட்டேன்."

"அவங்க வரக்கூடாது. எதையாவது சொல்லி நிறுத்திடுங்க."

ரெஜினா சல்லடையைக் கீழே வைத்தாள். பிறகு ஜான்சி சொன்னதைப் புரிந்துகொள்ள இருவருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. சட்டம் படித்தவள் சொல்லும்போது எல்லாம் நேராகத்தான் இருந்தது. அதுதான் லூர்துசாமிக்குப் பயமாக இருந்தது.

மும்தாஜின் புருஷன் யூசுப், பிம்ப்ரியில் ஒரு சின்னப் பெயின்ட் குடோனில் கான்ட்ராக்ட் கூலியாக இருந்தான். தின்னர் டிரம் பற்றிக்கொண்டு, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தான். கான்ட்ராக்டர் வந்து அடக்கச் செலவும் மேலே கொஞ்சமும் கொடுத்து, ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இத்தோடு கணக்குத் தீர்ந்தது என்று சொல்லிவிட்டுப் போனான். மும்தாஜும் தீர்ந்தது என்றே நினைத்தாள். சட்டப்படி அது தீரவில்லை. வேலையில் செத்தவன் குடும்பத்துக்கு நஷ்டஈடு உண்டு. அந்த ஸ்டாம்ப் பேப்பர் அதைத் தடுக்காது. ஆனால் செத்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் கமிஷனரிடம் மனு போட வேண்டும்.

ஜான்சியின் ஆராய்ச்சியே அதுதான். இப்படிச் செத்தவர்களின் குடும்பங்கள் நாற்பதை எடுத்துக்கொண்டு, அவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் உரிமை தானாகத் தெரிகிறது, எத்தனை பேர் தெரியாமலே கெடுவைத் தாண்டவிடுகிறார்கள் என்று மூன்று தவணையாகப் போய்ப் பார்ப்பது. மும்தாஜிடம் முதலில் போனபோது யூசுப் செத்துப் பதின்மூன்று மாதம்.

"உனக்கு அன்னிக்கே தெரியுமா, இன்னும் டைம் இருக்குதுன்னு?"

"தெரியும்ப்பா. அதானே என் சப்ஜெக்ட்."

சொல்லியிருக்கலாமே என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே அவள் பதில் சொன்னாள். ஆராய்ச்சி செய்கிறவள் களத்தில் கை வைக்கக்கூடாது, ஒருத்தியிடம் சொல்லிவிட்டால் அவள் பட்டியலிலிருந்து வெளியே போய்விடுவாள் என்று கைடு வைஜயந்தி மேடம் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். இரண்டாம் தவணையில் சொல்லிவிடலாம் என்று ஜான்சி நினைத்திருந்தாள். அதற்குள் ஏழெட்டுக் குடும்பங்கள் ஊரைப் பார்க்கப் போய்விட்டன. பட்டியல் இளைக்கிறதே என்று மேடம் முகம் சுளித்தார். அந்த இடங்களுக்கு வேறு ஆட்களைத் தேடிப் பிடிக்கவே ஆறு மாதம் ஆனது. சரி, மூன்றாம் தவணையில் சொல்லலாம் என்று இருந்துவிட்டாள். மூன்றாம் தவணை, கெடு முடிந்த மறுமாதம்.

"இப்ப ஒண்ணும் பண்ண முடியாதா?" என்றாள் ரெஜினா.

"லேட் ஆனத மன்னிக்கச் சொல்லி மனு போடலாம்மா. காரணம் காட்டணும்."

"காட்டட்டுமே. யாரும் சொல்லல, தெரியலன்னு எழுதட்டும்," என்றார் லூர்துசாமி.

"எப்படிப்பா எழுதுவாங்க? லா படிச்ச ஒருத்தி மூணு தடவ அவங்க வீட்டுக்குப் போனான்னு தீசிஸ்ல தேதியோட இருக்கு. எதிர்த்தரப்பு வக்கீல் அத எடுத்து நீட்டினா அக்கா கேசும் போச்சு, நானும் போச்சு. ஹால்ல அக்கா வாயத் திறந்து ஏதாவது கேட்டாங்கன்னா தீசிஸத் திருப்பி அனுப்பிடுவாங்கப்பா. ஏழு வருஷம்ப்பா."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால் லூர்துசாமிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது தானல்லவா என்று அவருக்கு அன்று ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுக்க வேண்டியதாயிற்று. அதற்கடியில் வேறொன்றும் இருந்தது. நான்கு வருஷமாக மும்தாஜ் இந்தச் சந்தில் தண்ணீர்க் குடத்தோடு அவரைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறாள். மகளும் தினமும் அவளைப் பார்த்து, அக்கா சாப்பிட்டீங்களா என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். எப்படிக் கேட்டாள் என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

புதன்கிழமை பகல் முழுக்க மழை. பூனா மழை நம் ஊர் மழைபோல அடித்துவிட்டுப் போகாது, நசநசவென்று பிடித்தால் வாரக்கணக்கில் விடாது. அஞ்சு மணிக்கு மேல் குடையை எடுத்துக்கொண்டு போனார். சந்தின் கோடியில் இரும்புப் படியேறினால் ஒற்றை அறை. மும்தாஜ் ஔந்த் பக்கம் இரண்டு ஃபிளாட்டுகளில் சமையல் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். மகள் பானு டியூஷனுக்குப் போயிருந்தாள். கட்டிலில் இஸ்திரி போட்ட சேலை ஒன்று மடிப்புக் கலையாமல் கிடந்தது.

அவர் வேண்டாம் என்பதற்குள் சாயாவும் காரி பிஸ்கட்டும் வந்துவிட்டன. நாளைக்கு வேலைக்குச் சுட்டி சொல்லிவிட்டதாக மும்தாஜ் சொன்னாள். ஃபிளாட்டுக்காரம்மாள் எதற்கு லீவு என்று கேட்டதற்கு, எங்கள் கதையைப் புத்தகமாக எழுதி ஒரு பொண்ணு டாக்டர் ஆகுது, நான் போகாமல் எப்படி என்று பதில் கொடுத்தாளாம். அதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது.

லூர்துசாமி வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு போயிருந்தார். ஹாலில் இடம் கொஞ்சம், ஃபேமிலி ஆட்கள் மட்டும்தான் என்று மாற்றிவிட்டார்கள் என்பது அந்தப் பொய். காரி பிஸ்கட்டைச் சாயாவில் நனைத்தார். அது ஊறி உடைந்து கிளாஸுக்குள் விழுந்தது. அவருக்குப் பொய் வரவில்லை. உள்ளதை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். ஸ்டாம்ப் பேப்பர், கமிஷனர், இரண்டு வருஷக் கெடு, நாற்பது குடும்பம், மூன்று தவணை எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்தபிறகுதான் தான் எதற்காக வந்தோம் என்பதே ஞாபகம் வந்தது.

மும்தாஜ் ஸ்டவ்வை அணைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"மொத தபா ஜான்சி வந்துச்சே மாமா, அப்ப எனக்கு எத்தினி மாசம் பாக்கி இருந்துச்சு?"

"பதினோரு மாசம்மா."

"அன்னிக்கு நோம்பு. இதோ இந்த எடத்துல உக்காந்து என்னோட கஞ்சி குடிச்சுச்சு. அவரு எப்டி செத்தாருன்னு கேட்டுச்சு. நான் சொல்லச் சொல்ல அதுவும் அழுதுச்சு, மாமா."

"அழுவுற பொண்ணுதாம்மா அது."

"ஆமா. நல்ல பொண்ணுதான்." அவள் முந்தானையால் தரையைத் துடைத்தாள். துடைக்க அங்கே ஒன்றுமில்லை. "நீங்க போங்க மாமா. மழ ஜாஸ்தி ஆவுது."

வாசலில் செருப்பைத் தேடும்போது, மகளை மன்னித்துவிடு என்று சொல்ல வாய் வரை வந்தது. அதைக் கேட்க வேண்டியவர் தானில்லை என்று அவருக்கே பட்டது. வீட்டில் ஜான்சி கதவருகிலேயே நின்றிருந்தாள். பேசிட்டேன் என்று மட்டும் சொல்லிக் குடையை மடக்கினார். அவள் மேலே கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அன்றுதான் உட்கார்ந்து இரண்டு சப்பாத்தி தின்றாள்.

வியாழக்கிழமை சந்தே கிளம்பிற்று. இரண்டு ஆட்டோ, ஒரு டெம்போ. பெண்கள் பட்டுச்சேலையில், ஆண்கள் கிறிஸ்துமஸ் சட்டையில். நாலு ஜூனியர்களை எதிர்பார்த்து ஏசியைப் போட்டுவைத்திருந்த செமினார் ஹாலுக்குள் இருபத்தெட்டுப் பேர் நுழைந்ததும் வைஜயந்தி மேடம் ஒரு கணம் ஆடிப்போய்விட்டார். பக்கத்து வகுப்பிலிருந்து நாற்காலிகள் வந்தன. சமோசா இருபதுதான் சொல்லியிருக்கிறோம் என்று ஒரு ஜூனியர் பையன் அவர் காதில் முணுமுணுத்தான். தேர்வாளருக்கு வெங்காயம் பூண்டு ஆகாதாம். தேர்வாளருக்கு விருந்து வைப்பது மாணவர் பொறுப்பு, அதுதான் வழக்கம். அவருக்கென்று ரெஜினா விடியற்காலையில் எழுந்து செய்த எலுமிச்சஞ்சாதமும் கேசரியும் தூக்குப் பாத்திரத்தில் தனியே இருந்தன.

மும்தாஜ் வரவில்லை. லூர்துசாமி இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். வராததில் அவருக்கு நிம்மதி. நிம்மதிப்பட்டதில் வெட்கம்.

ஜான்சி நன்றாகப் பேசினாள். வெள்ளைப் புடவையும் நீல பார்டருமாக, திரையில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளித் தள்ளி, மகளா இது என்று அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஃபேக்டரியில் ஜாப் கார்டும் டிராயிங்கும் படித்துப் படித்து வந்த ஆங்கிலம் அவருக்குப் பாதிக்குமேல் விளங்கிற்று. நாற்பது குடும்பங்களில் இருபத்தொன்பது குடும்பங்கள் கெடுவைத் தாண்டவிட்டன என்று அவள் சொன்னபோது வெளியூர்த் தேர்வாளர் தலையை ஆட்டி ஏதோ குறித்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் பின்கதவு திறந்தது. இஸ்திரி போட்ட அதே சேலை, கீழ்ப்பாதி மழையில் நனைந்திருந்தது. மும்தாஜ் கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தாள். ஜான்சி பேச்சை நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அவர் குனிந்துகொண்டார். திரையில் பதினேழாம் எண் குடும்பம் என்று ஒரு தலைப்பு. அதன்கீழ் வயது, தொழில், சம்பவம் நடந்த தேதி, சந்தித்த தேதிகள் மூன்று. அந்தப் பக்கத்தைத் தள்ளுவதற்கு அவள் இரண்டு தடவை பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது.

தேர்வாளர் முக்கால் மணிநேரம் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. பிறகு தலைவர், இது திறந்த சபை, வந்திருப்பவர்களில் யாருக்காவது கேள்வி உண்டா என்று வழக்கப்படி கேட்டுவிட்டு, வழக்கப்படி யாரும் கேட்க மாட்டார்கள் என்று காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

மும்தாஜ் எழுந்து நின்றாள். இந்தியும் மராத்தியும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஃபிளாட்டுகளில் நாளெல்லாம் அதுதான் பேச்சு. ஆனால் அவள் தமிழில் பேசினாள். குரலை உயர்த்தவில்லை. சந்தில் எதிர்ப்பட்டால் பேசுவதுபோலவே பேசினாள்.

"ஜான்சி, நீ மொதல்ல என் வூட்டுக்கு வந்தப்ப எனக்கு இன்னும் பதினோரு மாசம் இருந்துச்சாமே. ஏன்மா சொல்லாம போனே?"

சந்துக்காரர்களுக்கு எதைப் பற்றிய பேச்சு என்று பிடிபடவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரெஜினா புருஷனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தலைவர் ஜான்சியைப் பார்த்து, அம்மையார் என்ன கேட்கிறார், எங்களுக்கும் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் புன்னகையோடு சொன்னார்.

ஜான்சி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிடு என்று லூர்துசாமி மனசுக்குள் சொன்னார். சொல்லிவிடாதே என்றும் சொன்னார். இரண்டையும் அவர்தான் சொன்னார், அதை அவர் மறைக்க முடியாது.

இவர் என் ஆய்வில் வரும் குடும்பங்களில் ஒருவர் என்றாள் ஜான்சி ஆங்கிலத்தில். தன் கதை புத்தகத்தில் வந்ததில் அவருக்கு மிகவும் சந்தோஷம். என்னை ஆசீர்வதிக்கிறார்.

தேர்வாளர் தாமே எழுந்து நின்று, மும்தாஜைப் பார்த்துக் கைகூப்பினார். முப்பது வருஷமாக வைவா எடுக்கிறேன், களமே எழுந்துவந்து ஆராய்ச்சியாளரை வாழ்த்தி இன்றுதான் பார்க்கிறேன் என்று சொன்னார். கைதட்டல் எழுந்தது. ஆங்கிலம் புரியாத சந்துக்காரர்களும், பெரியவர்கள் தட்டுகிறார்களே என்று சேர்ந்து தட்டினார்கள். மும்தாஜ் சுற்றிலும் பார்த்தாள். கூப்பிய கைகளுக்குப் பதிலாகத் தானும் கையை நெற்றிவரை கொண்டுபோய் இறக்கினாள்.

லூர்துசாமிக்கு எழுந்து நிற்க வேண்டும்போல் இருந்தது. எழவில்லை. அவர் தட்டவில்லை, அது ஒன்றுதான் அவரால் முடிந்தது.

தேர்வாளர்கள் பக்கத்து அறைக்குப் போய்ப் பத்து நிமிஷத்தில் திரும்பினார்கள். பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று தலைவர் அறிவித்ததும் வைஜயந்தி மேடம் ஜான்சியைக் கட்டிக்கொண்டு, டாக்டர் ஜான்சி என்று முதன்முதலாகக் கூப்பிட்டார். சமோசா போதவில்லை. பாதியாகப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் மும்தாஜ் இல்லை. லூர்துசாமி படியிறங்கி, மழையில் கேட் வரை ஓட்டமும் நடையுமாகப் போனார். பஸ் ஸ்டாப்பின் தகரக் கூரைக்கடியில் நின்றிருந்தாள்.

"ஒரு வாய் சாப்பிட்டுப் போலாமேம்மா."

"வேணா மாமா. பானு வந்துடும்." கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள். "எதுக்கு எல்லாரும் கை தட்டுனாங்க? அந்தப் பெரியவரு எழுந்து நின்னு கும்புட்டாரே. ஜான்சி இன்னா பதில் சொல்லிச்சு?"

நேற்றுத் தயார் செய்த மாதிரி ஒரு பொய் கையில் இல்லை. தேடவும் அவருக்குத் தெம்பில்லை.

"பதில் ஒண்ணும் சொல்லலம்மா. நீ ஆசீர்வாதம் பண்ணேன்னு சொல்லிச்சு."

மும்தாஜ் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பஸ் வந்து நிற்காமல் தண்ணீரை வாரியடித்துவிட்டுப் போயிற்று.

"இந்தியில கேட்டிருந்தா அத்தினி பேருக்கும் புரிஞ்சிருக்கும் மாமா. சபையில அதுக்கு அவமானம் ஆவக்கூடாதுன்னுதான் தமிழ்ல கேட்டேன். அதுவா வெளிய வந்து எங்கிட்ட தனியா ஒரு வார்த்த சொல்லும்னு நெனச்சேன்."

அவருக்கு அழுகை வந்தது. மழை இருந்ததால் துடைக்கவில்லை. அவளுடைய பஸ் வந்தது. ஏறும்போது ஈரச் சேலையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"வுடுங்க. அத்தினி பேர் முன்னாடி சொல்லிடுச்சு. ஆசீர்வாதம் பண்ணதாவே இருக்கட்டும்."

அவர் திரும்பி வந்தபோது ஜான்சி வராந்தாவில் பேப்பர் தட்டோடு தனியாக நின்றிருந்தாள். தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. அக்கா போயிட்டாங்களா, என்ன சொன்னாங்க என்று கேட்டாள். மகளுக்காகக் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கலாம். அவர் குறைக்கவில்லை. தமிழில் கேட்ட காரணத்தையும், கடைசியில் சொன்னதையும், மும்தாஜின் வாயில் வந்தபடியே சொல்லிவிட்டு நகர்ந்து நின்றார்.

உள்ளேயிருந்து வைஜயந்தி மேடம் டாக்டர் ஜான்சி, டாக்டர் ஜான்சி என்று இரண்டு தடவை கூப்பிட்டார். அவள் அசையவில்லை. மூன்றாவதாக அம்மா கூப்பிட்டதும் தட்டை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, முகத்தைப் புடவைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

போட்டோ இப்போது அவர்கள் வீட்டு நடுச்சுவரில் மாட்டியிருக்கிறது. தேர்வாளர் இருக்கிறார், கைடு இருக்கிறார், ரெஜினா இருக்கிறாள், சந்தில் பத்து வீட்டு ஜனங்களும் இருக்கிறார்கள். லூர்துசாமி அதில் இல்லை.